வீட்டில் டிஸ்டில்லர் வைத்து ஐபிஏ மீட்கலாமா? சென்னையில் பொருந்தும் விதிகள்

ரெசின் பிரிண்டர், அதாவது ஒளி பட்டால் இறுகும் திரவ ரெசினில் அச்சடிக்கும் 3டி பிரிண்டர், வாங்கியவர்களுக்கு மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஒரே தலைவலி வருகிறது. நகை மாடலோ பல் மாடலோ, எதை அச்சடித்தாலும் கடைசியில் ஐபிஏ-வில், அதாவது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில், கழுவித்தான் எடுக்க வேண்டும். பல முறை கழுவியதும் அது கலங்கி, பிசுபிசுத்து, கழுவ வேண்டிய பொருளையே அழுக்காக்க ஆரம்பிக்கிறது. பால்கனி மூலையில் கேன்கள் சேர்கின்றன. அப்புறம் யாராவது சொல்கிறார்கள்: "தண்ணீர் வடிக்கிற டிஸ்டில்லர் ஆன்லைனில் கிடைக்கிறது. அதில் ஊற்றினால் சுத்தமான ஐபிஏ திரும்ப வந்துவிடும்." டிஸ்டில்லர் என்றால் திரவத்தைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து மறுபடி திரவமாக்கும் கருவி; வடிகலம் என்பதும் அதுதான்.

அம்பத்தூரில் சின்னதாக ஒரு பிரிண்டிங் பட்டறை நடத்துகிறேன். இதே யோசனை எனக்கும் வந்தது. மிஷினை வாங்கும் முன் சட்டத்தைப் படித்ததில் என் திட்டமே மாறிப்போனது. போர்டு ரிப்பேர் செய்பவர்கள், மூலிகையில் சாறு இறக்குபவர்கள், மரத்துக்கு பாலிஷ் போடுபவர்கள் என்று பலரும் இதைக் கேட்பதால், தெரிந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எந்த டிஸ்டில்லர் நல்லது என்று கேட்கும் முன், கேனில் இருப்பது எந்த ஆல்கஹால் என்று பாருங்கள். புழக்கத்தில் இருப்பவை மூன்று. எத்தனால் என்பது குடிக்கும் மதுவில் இருப்பது. ரெக்டிஃபைட் ஸ்பிரிட்டும் அதுதான். அதிலேயே குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்தால் டீநேச்சர்டு ஸ்பிரிட். மெத்தனால் விஷம். ஐபிஏ இரண்டிலும் சேராத தனி ரசாயனம், அதுவும் குடிக்கக் கூடாதது. மூன்றும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், மூன்றையும் கடைக்காரர் 'ஸ்பிரிட்' என்றே சொல்லுவார். சட்டத்துக்கு முன்னால் இவை ஒன்றல்ல.

சட்டம் என்ன சொல்கிறது

இங்கே பொருந்துவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த காலத்தில், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதலில் அமலுக்கு வந்த அதே சட்டம். தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருக்கும்போது மதுவிலக்குச் சட்டமா என்று கேட்பவர்கள் நிறைய. சட்டம் நீங்கவில்லை. இன்று நடக்கும் தயாரிப்பும் விற்பனையும் அந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படும் உரிமங்களால் நடப்பவை. உரிமம் இல்லாதவருக்குத் தடை அப்படியே இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் இரண்டு வரையறைகளை நிதானமாகப் படிக்க வேண்டும். முதலாவது 'மது' என்ற சொல். கள், சாராயம், ஒயின், பீர் மட்டும் அல்ல. டீநேச்சர்டு ஸ்பிரிட் வகையான மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும், ஆல்கஹாலால் ஆன அல்லது ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவங்களும் அதில் அடக்கம். இரண்டாவது 'தயாரித்தல்' என்ற சொல். புளிக்கவைத்துக் காய்ச்சுவது மட்டும் தயாரித்தல் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டம் மறுபடி வடித்தெடுப்பதையும், சுத்திகரிக்கும் ஒவ்வொரு முறையையும் அதில் சேர்க்கிறது.

இதை விலைகொடுத்து வாங்கிய சரக்குக்குப் பொருத்திப் பாருங்கள். பாலிஷ் வேலைக்கு வாங்கிய டீநேச்சர்டு ஸ்பிரிட் அரக்கு கலந்து கெட்டுப்போகிறது. அதை வடித்து மறுபடி பயன்படுத்த நினைக்கிறார் ஆசாரி. அவர் புதிதாக ஒரு சொட்டும் உண்டாக்கவில்லை, தன் பொருளைத்தான் சுத்தம் செய்கிறார். ஆனாலும் சட்டத்தின் மொழியில் அது தயாரித்தல். மூலிகைச் சாறு இறக்கியபின் மிஞ்சும் எத்தனாலை வடித்து மீட்பதும் அப்படியே. 4-ஆம் பிரிவு, உரிமமின்றித் தயாரிப்பதை மட்டுமல்ல, தயாரிப்பதற்கான வடிகலத்தையும் கருவிகளையும் வைத்திருப்பதையும் குற்றம் என்கிறது. ஆகவே எத்தனால், டீநேச்சர்டு ஸ்பிரிட் இரண்டையும் வீட்டில் வடிக்கக் கூடாது. இதில் இடைவழி எதுவும் இல்லை.

டீநேச்சர்டு ஸ்பிரிட்டுக்கும் மெத்தனாலுக்கும் தனியாகவே விதி உண்டு: தமிழ்நாடு டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் விதிகள், 1959. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் உரிம முறைக்குள் வருபவை இவை. இது மாநிலத்தின் அதிகாரம்தானா என்ற பழைய வழக்குக்கும் 2024 அக்டோபர் 23 அன்று முடிவு வந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், தொழிற்சாலை ஆல்கஹாலையும் மாநில அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவு கடுமை ஏன் என்று கோபப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மக்கள் செத்தது மெத்தனாலால். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அந்த ஜூன் மாதமே சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத்திருத்தம் நிறைவேறி, தண்டனைகள் ஆயுள் சிறை வரை உயர்ந்தன. தொழிலுக்கான ஆல்கஹால் எங்கே போகிறது, யார் கையில் என்ன கருவி இருக்கிறது என்று அதிகாரிகள் துருவிக் கேட்பதை நான் நியாயமாகவே பார்க்கிறேன். வடித்தால் மெத்தனால் தனியாகப் பிரிந்துவிடும் என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78 டிகிரியில். இந்த வித்தியாசம் வீட்டுக் கருவியில் இரண்டையும் பிரித்துவிடாது. வடித்து வருவதில் மெத்தனால் கலந்தே வரும்.

சரி, ஐபிஏ? அது பாரிமுனைப் பக்கத்து கெமிக்கல் கடைகளிலும், ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் கிளீனராகவும் வெளிப்படையாக விற்கிறது. ஆனால் வரையறையில் உள்ள 'ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவங்களும்' என்ற சொற்களின் அகலத்தை மறக்கக் கூடாது. ஆவி பறக்கும் வடிகலமும் பக்கத்தில் தெளிந்த திரவமும் இருக்கும் அறைக்குள் வரும் அதிகாரிக்கு, அது ஐபிஏ என்பது பார்த்தவுடன் தெரியாது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பித்தான் தெரியும். அதனால் ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் கருவி வாங்கும் முன்னரே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில் இருக்கிறது. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையரகம் சேப்பாக்கம் எழிலகத்தில். மனுவில் ரசாயனத்தின் முழுப் பெயர், மாதம் எத்தனை லிட்டர், எங்கே வாங்குகிறீர்கள், எதற்குப் பயன்படுகிறது, எந்தக் கருவி, அதன் கொள்ளளவு, எந்த முகவரியில் வைக்கப்போகிறீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். வாங்கிய பில்களின் நகலையும், கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய பாதுகாப்புத் தகவல் தாளையும் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

தண்ணீர் டிஸ்டில்லரில் ஏன் ஊற்றக் கூடாது

இந்தப் பகுதியைத்தான் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உரிமம் கிடைத்தாலும் தீ உரிமத்தைப் பார்க்காது.

ஐபிஏ-வின் தீப்பற்று வெப்பநிலை ஏறக்குறைய 12 டிகிரி. அதற்கு மேல் எந்த வெப்பத்திலும் அதன் மேற்பரப்பில் எழும் ஆவி, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சென்னையில் மார்கழி விடியற்காலைகூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதாவது நம் ஊரில் திறந்த ஐபிஏ கேன் ஆண்டு முழுக்க, நாள் முழுக்க தீப்பற்றும் நிலையிலேயே இருக்கிறது. கொதிக்கவைக்கவே வேண்டாம்.

காற்றில் இரண்டு சதவீதம் ஐபிஏ ஆவி இருந்தால் அந்தக் காற்று வெடிக்கத் தயார். ஒரு லிட்டர் ஐபிஏ முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 320 லிட்டர் ஆவி. கணக்குப் போட்டால், 16 கனமீட்டர் காற்றை அந்த நிலைக்குக் கொண்டுபோக அது போதும். எட்டுக்கு ஏழு அடியில், பத்தடி உயரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் சமையலறை இருந்தால் அதன் முழுக் கொள்ளளவும் அவ்வளவுதான். அந்த ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனம். மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை நோக்கிப் போகாது. தரையோடு தவழ்ந்து ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் இருக்கும் இடத்துக்கும் கேஸ் அடுப்பு மேடையின் அடிக்கும் போகும்.

மேசை மேல் வைக்கும் தண்ணீர் டிஸ்டில்லர் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அடியில் ஹீட்டர், தலையில் ஒரு மின்விசிறி, நடுவில் சுருள் குழாய். விசிறி மோட்டாரும் சுவிட்சும் ஆவி கசியும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். தண்ணீர் ஆவிக்காகச் செய்ததால் பொறி வெளியே வராத அமைப்பு அதில் கிடையாது. இதைவிட மோசம் வேறொன்று. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஐபிஏ-வுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே ஹீட்டர் நிமிடத்துக்கு எடைக் கணக்கில் மூன்று மடங்குக்கு மேல் ஆவியைக் கிளப்பும். குளிரவைக்கும் பக்கம் நிலைமை தலைகீழ். நீராவி 100 டிகிரியில் குளிர்ந்து திரவமாகும், ஐபிஏ 82-இல். அறைக் காற்று சித்திரையில் 38 டிகிரி என்றால், குளிரவைக்கக் கிடைக்கும் வெப்ப வித்தியாசம் 62-லிருந்து 44 ஆகச் சுருங்குகிறது. குளிராத ஆவி அறைக்குள்தான் வரும். குளிர்நாட்டு வீடியோவில் சரியாக நடந்தது என்பதால் வேளச்சேரியில் மே மாதம் நடக்கும் என்று நம்பிவிட முடியாது.

ரெசின் கலந்த ஐபிஏ என்றால் இன்னொரு ஆபத்து. ஐபிஏ போகப்போக அடியில் ரெசின் கெட்டியாகும். சூடு ஏறினால் அது தானாக இறுக ஆரம்பிக்கலாம். இறுகும்போது அதுவே வெப்பத்தை வெளியிடும். காய்ந்துபோகும் வரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பதும் முழுத் தூய்மை இல்லை. தண்ணீர் கலந்த ஐபிஏ-வை எத்தனை முறை வடித்தாலும் எடையில் 88 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். தண்ணீரும் ஐபிஏ-வும் அந்த விகிதத்தில் சேர்ந்தே கொதிக்கும்.

என் பட்டறையில் வடிப்பதே இல்லை. கழுவுவதற்கு இரண்டு தொட்டி: முதலில் பழைய ஐபிஏ, பிறகு புதியது. பெரும்பாலான ரெசின் முதல் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அது கலங்கியதும் ஒளி ஊடுருவும் கேனில் முக்கால் அளவு ஊற்றி, மூடியை இறுக்காமல், மொட்டைமாடியில் அடுப்பும் சிகரெட்டும் சுவிட்சும் நெருங்காத இடத்தில், ஆள் பார்வையில் வெயிலில் வைக்கிறேன். காலை வெயிலே போதும். உச்சி வெயிலில் கேனைச் சுட விடுவதில்லை. ரெசின் இறுகி அடியில் படிகிறது. பேப்பர் ஃபில்டரில் வடிகட்டினால் மறுபடி முதல் தொட்டிக்கு ஆகும். கையில் நைட்ரைல் கிளவுஸ் கட்டாயம். இறுகாத ரெசின் ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் அது விடாது.

மாதம் நூறு லிட்டர் ஆகிறவர்களுக்கு

பெரிய அளவில் செலவாகும் பல் லேப், நகை வார்ப்புப் பட்டறை மாதிரி இடங்களில் மீட்புக் கருவி லாபமாக இருக்கலாம். அது வீட்டில் அல்ல, தொழில் ஷெட்டில். வாங்கும்போது விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஃபிளேம்ப்ரூஃப் சான்று, அதாவது மின்பாகத்துக்குள் பொறி எழுந்தாலும் தீ வெளியே பரவாது என்பதற்கான சான்று. இந்தச் சான்றில் ஐபிஏ-வின் வாயு வகுப்பு ஐஐஏ (IIA), வெப்ப வகுப்பு டி2 (T2). மின்பாகங்கள் அதற்குப் பொருந்த வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான பெசோவின் ஒப்புதல் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டர் திரவத்தை நேராகத் தொடாமல், எண்ணெய் உறை வழியாகச் சூடேற்றுவதாக இருக்கட்டும். ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் தண்ணீரில் குளிர்வதாக இருக்கட்டும்; தண்ணீர் ஓட்டம் நின்றால் ஹீட்டர் தானாக அணைய வேண்டும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், கலம் சூடாகவே இருக்கும். அதனால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் குளிர்நீர் ஏற்பாடு வேண்டும். கரண்ட் திரும்பி வந்ததும் கருவி தானாக ஓட ஆரம்பிக்கக் கூடாது. எர்த்திங், தரைமட்டத்தில் காற்றோட்டம், பக்கத்திலேயே பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். கலத்தை முழுக்க நிரப்பாதீர்கள், கடைசிச் சொட்டு வரை ஓட்டாதீர்கள். வெகுநாள் கிடந்த ஐபிஏ-வில் பெராக்சைடு சேரும். காய்ந்துபோனால் அது வெடிக்கலாம்.

தொழிலாகச் செய்தால் இன்னொரு விதியும் வருகிறது: அபாயகரமான மற்றும் இதர கழிவுகள் விதிகள், 2016. அதன் முதல் அட்டவணையில் 20-ஆம் இனம் ஐபிஏ போன்ற கரைப்பான்களுடையது. பயன்படுத்திய கரைப்பான் அதில் ஒன்று, வடித்தபின் மிஞ்சும் கசடு இன்னொன்று. ஆக, வடித்துவிட்டால் கழிவு தீர்ந்தது என்று இல்லை. வேறு பெயரில் தொடர்கிறது. இதற்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் படிவம் 1-இல் விண்ணப்பித்து அங்கீகாரம் பெற வேண்டும். கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும், அனுப்பும்போது படிவம் 10 கூடப் போக வேண்டும், ஆண்டுக் கணக்கை ஜூன் 30-க்குள் தர வேண்டும். வாரியத்தின் தலைமை அலுவலகம் கிண்டியில், அண்ணா சாலையில். கரைப்பானை மீட்டுத்தரும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் விவரத்தையும் அங்கேயே கேட்கலாம். கருவி வாங்காமல் அவர்களிடம் கேனைக் கொடுப்பது பல பட்டறைகளுக்கு மலிவாகவே முடியும்.

வீட்டில் ஓரிரண்டு லிட்டர் மிஞ்சினால் சிங்க்கில் ஊற்றாதீர்கள். இறுகாத ரெசின் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வெயிலில் இறுகிய கசடையும் ஃபில்டர் பேப்பரையும் முழுக்கக் காயவைத்து, தனிப் பையில் கட்டி, மேலே என்னவென்று எழுதி வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள். உங்கள் வார்டில் அதை எங்கே வாங்குகிறார்கள் என்று மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம்.