ஓய்வுக்குப் பின் தொண்டு: மூப்பில் உடலும் மூளையும் பெறும் பயன்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு ஒரே நாளில் வந்துவிடுகிறது. பல்லாண்டுகளாக விடியற்காலையில், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் போய் நின்ற ஒருவர், தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயர் நீங்கியதும், மறுநாள் எங்கும் போக வேண்டிய தேவையின்றி லயம் எனப்படும் வரிசை வீட்டின் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். மலைச்சரிவில் ஏறி இறங்கிய கால்களுக்கு நடை குறைகிறது. பேச்சு வீட்டாரோடு நின்றுபோகிறது. நேரத்துக்கு எழ வேண்டிய அவசியமும் இல்லை. முதுமையில் தொண்டு செய்வது உடலுக்கு நல்லது என்று கூறும் ஆய்வுகள், பெரும்பாலும் இந்த மூன்று இழப்புகளும் எவ்வாறு ஈடாகின்றன என்பதையே ஆராய்கின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முழங்கால் வலியால் படியிறங்க முடியாதவர் கோயில் திருவிழா வேலைக்கு வரமாட்டார். ஆகவே தொண்டு உடல்நலத்தைத் தருகிறதா, உடல்நலம் உள்ளவர்தான் தொண்டுக்கு வருகிறாரா என்று கேட்டாக வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், தொண்டு செய்த முதியோரின் இறப்பு அபாயம் முதலில் ஏறத்தாழப் பாதியாகத் தெரிந்தது. முன்னைய உடல்நிலை போன்றவற்றைக் கணக்கில் சேர்த்தபோது, வேறுபாடு சுமார் 24 சதவீதமாகக் குறைந்தது.

இதைவிட உறுதியான சான்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து கிடைத்தது. அங்கு 60 வயதைக் கடந்த 702 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை ஆரம்பப் பாடசாலைகளில் வாரத்துக்கு 15 மணி நேரம் பிள்ளைகளுக்கு வாசிக்க உதவச் செய்தார்கள். ஒரு பகுதியினரின் மூளையை 2 ஆண்டுகளில் படமெடுத்துப் பார்த்தபோது, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி, வழக்கமாக வயதோடு சுருங்க வேண்டியது, தொண்டு செய்த ஆண்களிடம் சற்றே பெருத்திருந்தது.

இது எப்படி நிகழ்கிறது என்பதை மலையகத்தில் விளங்கிக்கொள்ள, மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்துப் பழகும் இடத்துக்குப் போனால் போதும். அங்கே இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதியவர், அடுத்த பாட்டை நினைவிலிருந்து எடுக்கிறார். தப்பு மேளத்தின் அடியோடு அடவு பொருந்துகிறதா என்று பார்க்கிறார். ரதியாக ஆடும் பையன் ஒரு வரியை விட்டுவிட்டால் உடனே கண்டுபிடித்து, எந்த இடத்தில் நிறுத்தித் திருத்துவது என்று முடிவெடுக்கிறார். நினைவில் வைத்தல், கவனத்தை மாற்றுதல், பொறுத்திருந்து பேசுதல் ஆகிய இவ்வேலைகளில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியினுடையது. குறுக்கெழுத்துப் புதிரை ஒருவர் பாதியில் மூடி வைத்துவிடலாம். பத்துப் பேர் காத்திருக்கும் கூத்துக்களத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. தொண்டின் பலன் நல்ல மனத்தைக் காட்டிலும் இந்தக் கட்டாயத்திலேயே அதிகம் தங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இரத்த அழுத்தம் பற்றிய முடிவுகள் ஒன்றுபடவில்லை. ஆண்டுக்கு 200 மணி நேரமாவது தொண்டு செய்தவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் ஏற்படுவது குறைவு என்று 2013இல் ஓர் ஆய்வு கூறியது. ஏறத்தாழ 13,000 பேரைத் தொடர்ந்து கவனித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ஆயினும் ஆண்டுக்கு 100 மணி நேரம், அதாவது வாரத்துக்கு இரண்டு மணி நேரமளவு ஈடுபட்டவர்களிடம் இறப்பு அபாயமும் அன்றாட இயக்கத் தடைகளும் குறைவாகவும், உடலியக்கமும் வாழ்வில் நோக்கம் உண்டென்ற உணர்வும் கூடுதலாகவும் இருந்ததை அதே ஆய்வு காட்டியது. மரண உதவிச் சங்கக் கணக்கெழுதவோ, பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கவோ அந்த நேரம் தாராளமாகப் போதும்.

பாட்டிமாரின் நிலை வேறு. மகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போயிருக்க, பேரப்பிள்ளைகளை வளர்த்து, சமைத்து, தண்ணீர் சுமக்கும் ஒருவருக்கு அது விரும்பி எடுத்த பணியன்று. தொண்டு ஆய்வுகளின் பலன்களை அவருக்கு அப்படியே பொருத்துவது தவறு. அவரிடம் மேலும் ஒரு பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன், பிள்ளைகளை வாரத்தில் சில மணி நேரம் பார்த்துக்கொள்ள வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களில் ஒருவரைக் கேட்கலாம்.