மோதாத இரண்டு அணிகளை எடைபோடும் கணக்கு

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடையே ஆண்டுதோறும் தவறாமல் கிளம்பும் வாதம் ஒன்று உண்டு. ஜார்ஜியா, அலபாமா போன்ற முதல்தரப் பல்கலைக்கழக அணி ஒன்றை யூ.எஃப்.எல். சாம்பியனோடு மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள்? எக்ஸ்.எஃப்.எல்., யூ.எஸ்.எஃப்.எல். என்ற இரு சிறு தொழில்முறை லீக்குகள் இணைந்து 2024இல் யூ.எஃப்.எல். உருவானது. எட்டு அணிகள், மார்ச் கடைசியில் தொடங்கி அணிக்குப் பத்து லீக் ஆட்டங்கள். கல்லூரிகள் ஆடுவது ஆகஸ்ட் கடைசி முதல் ஜனவரி வரை. இரு தரப்பும் களத்தில் சந்திப்பதே இல்லை.

சந்திக்காத அணிகளை ஒப்பிடத்தானே தரப்புள்ளிகள் இருக்கின்றன என்று தோன்றும். கல்லூரி உலகத்துக்குள் அது சரி. 2024இல் மேல்நிலைப் பிரிவில் 134 அணிகள் இருந்தன; ஒவ்வொன்றும் முறையான பருவத்தில் ஆடியது 12 ஆட்டம்தான். ஆனாலும் ‘அ’ ‘ஆ’வை 7 புள்ளியில் வென்றது, ‘ஆ’ ‘இ’யை 3 புள்ளியில் வென்றது என்றால், ‘அ’ ‘இ’யைவிட ஏறக்குறைய 10 புள்ளி மேல் என்று கொள்ளலாம். இப்படி நூற்றுக்கணக்கான இழைகள் பின்னிய வலையில், எல்லா முடிவுகளோடும் மிகக் குறைவாக முரண்படும் எண்களைத் தேடுவதே தரப்படுத்தல்.

யூ.எஃப்.எல். இன்னொரு வலை. இரண்டு வலைகளுக்கும் நடுவே ஒரே ஒரு இழைகூடக் கிடையாது. எட்டு யூ.எஃப்.எல். அணிகளின் தரத்திலும் 100 புள்ளியைக் கூட்டிப் பாருங்கள். அந்த லீக்குக்குள் எந்த ஆட்டத்தின் கணிப்பும் மாறாது. கூட்டிய 100 சரியா தவறா என்று சொல்ல எந்த ஸ்கோரும் இல்லை. சதுரங்கத்திலிருந்து வந்த ஈலோ தரப்புள்ளி முறைக்கும் இதே கதிதான். ஒருவர் இழந்த புள்ளியைத்தான் மற்றவர் பெறுகிறார் என்பதால், எல்லாரும் 1500இல் தொடங்கிய லீக்கின் சராசரி 1500ஆகவே நிற்கும். கல்லூரியில் பலவீனமான அணிகள் ஏராளம். அவற்றை மிதித்து ஏறி 1900ஐத் தொட முடியும். சம பலமுள்ள எட்டு அணிகளுக்குள் அவ்வளவு உயரம் போக வழியே இல்லை. ஆக, கல்லூரியின் 1900ஐயும் யூ.எஃப்.எல்.லின் 1600ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசுவது வீண்.

பாலம் வேறு இடத்தில் இருக்கிறது: ஆட்டக்காரர்கள். யூ.எஃப்.எல். வீரர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே முன்னாள் கல்லூரி வீரர்கள். இரு தரப்புக்கும் பொதுவான அளவுகோல், அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அதை வைத்து அளந்தால், முதலில் கல்லூரிப் பக்கம்தான் தட்டு தாழ்கிறது. 2021 பருவத்தின் தேசிய சாம்பியனான ஜார்ஜியாவிலிருந்து 2022 டிராஃப்டில், அதாவது என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 15 பேர் தேர்வானார்கள். ஏழு சுற்று டிராஃப்டில் அதுவே சாதனை. அவர்களில் ஐந்து தற்காப்பு வீரர்கள் முதல் சுற்றிலேயே போனார்கள். அந்த ஐவரில் ஜோர்டன் டேவிஸின் எடை 341 பவுண்டு, அதாவது சுமார் 155 கிலோ. 40 கெஜத்தை 4.78 நொடியில் ஓடினார். சராசரி வேகம் நொடிக்கு 7.65 மீட்டர். அவ்வளவு எடை அந்த வேகத்தில் வந்தால் இயக்க ஆற்றல் சுமார் 4,500 ஜூல். அப்படி ஒருவரை எந்தச் சிறு லீக்கும் நெடுநாள் வைத்திருக்க முடியாது, என்.எஃப்.எல். உடனே அள்ளிக்கொள்ளும். சிறு லீக்குகளிலிருந்து மேலே போய்ப் பெயர் பெற்றவர்களில் பலர் தனித்திறன்காரர்கள்: உதைப்பதற்கு பிராண்டன் ஆப்ரி, ஜேக் பேட்ஸ், உதையைத் திருப்பிக் கொண்டு ஓட கேவோன்டே டர்பின்.

நட்சத்திரங்களை எண்ணியே முடிவு சொல்லிவிடலாம் என்றால் கல்லூரிதான் வெல்ல வேண்டும். ஆனால் இந்த ஆட்டம் அப்படி நடப்பதில்லை.

தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எறிய இரண்டரை, மூன்று நொடி வேண்டும். அதுவரை அவருக்கு முன்னே ‘லைன்’ என்ற வரிசையில் நிற்கும் ஐந்து லைன்மேன்கள் எதிரிகளைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஒவ்வொருவரும் 100க்கு 95 முறை தாக்குப்பிடிப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐவரும் ஒரே சமயத்தில் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 95% அல்ல; 0.95ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் 77% மட்டுமே. ஒருவர் மட்டும் 80% ஆள் என்றால் அது 65% ஆகிறது. 35 முறை பந்தெறியும் ஆட்டத்தில், சுவர் உடையும் தடவைகள் எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறிவிடும். இப்போது மறுபக்கம் பாருங்கள். அந்த ஐவரில் ஒருவரை நீக்கி 98% நட்சத்திரத்தை நிறுத்தினால் கிடைப்பது 80%. அதாவது நட்சத்திரம் தரும் லாபம் 2.4 சதவீதப் புள்ளி, பலவீனமான ஆள் தரும் நஷ்டம் 12 சதவீதப் புள்ளி. லைன் என்பது கூட்டல் கணக்கல்ல, பெருக்கல் கணக்கு.

மிகச் சிறந்த கல்லூரி அணியிலும் என்.எஃப்.எல். பக்கமே போகாத வீரர்கள் முதல் பதினொன்றில் நிற்பார்கள். வாராவாரம் எதிரணியில் அவர்களைச் சோதிக்கும் அளவுக்கு ஆள் இல்லாததால் அந்த ஓட்டை வெளியே தெரிவதில்லை. யூ.எஃப்.எல். லைனில் அபூர்வத் திறமை இல்லைதான். ஆனால் ஐவரும் கல்லூரிப் படிகளையெல்லாம் தாண்டி வடிகட்டப்பட்டவர்கள். எதிர்ப்பக்கம் 80% ஆள் யார் என்று தொழில்முறைப் பயிற்சியாளர் எதிரணியின் இரண்டாவது தாக்குதல் சுற்றிலேயே கண்டுபிடித்து, அந்த இடத்துக்கே இரண்டு பேரை அனுப்புவார்.

இங்கே வயதும் பேசும். கல்லூரி லைனில் 19, 20 வயதுக்காரர்கள் உண்டு, யூ.எஃப்.எல்.லில் 25, 26 சாதாரணம். உடல் வலுவோடு தாழ்ந்து நிற்கும் பழக்கமும் அந்த ஆண்டுகளில் ஊறிவிடுகிறது. தாழ்ந்து நிற்பதால் என்ன பயன்? ஆளுக்கு 140 கிலோ உள்ள இருவர் மோதுகிறார்கள். ஒவ்வொருவரும் தரையை அழுத்தும் விசை சுமார் 1,370 நியூட்டன். தாழ்ந்தவர் எதிரியின் அக்குளுக்குக் கீழே கைவைத்து, 20 பாகை மேல்நோக்கி 1,000 நியூட்டன் விசையில் தள்ளுகிறார் என்போம். அதில் சுமார் 340 நியூட்டன் எதிரியைத் தூக்கப் போகிறது. எதிரியின் காலடி அழுத்தம் 1,030ஆகக் குறைகிறது. தள்ளுபவருடையது 1,710ஆகக் கூடுகிறது. கிடைவிசை இருவருக்கும் ஒன்றே, 940. அதைத் தாங்க எதிரிக்கு 0.91 உராய்வுக் கெழு (தரையின் பிடிப்பு அளவு) வேண்டும், தள்ளுபவருக்கு 0.55 போதும். ஈரப் புல்லில் யார் வழுக்குவார் என்பது அப்போதே தீர்ந்துவிடுகிறது. இடுப்பு இரண்டு அங்குலம் உயர்ந்தாலே கோணம் கைமாறிவிடும். களைத்துப்போன இளைஞன் நான்காவது கால்பகுதியில் செய்யும் பிழை பெரும்பாலும் இதுதான்.

கல்லூரிக்குச் சாதகமான விஷயமும் உண்டு, அது சின்னதல்ல. அந்த வீரர்கள் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்கிறார்கள். வசந்தகாலத்தில் 15 பயிற்சிகள், கோடை முகாம், பருவத்தில் வாரம் 20 மணி நேரம். இருவர் சேர்ந்து ஒருவரைத் தடுத்து, சரியான கணத்தில் ஒருவர் மட்டும் பிரிந்து அடுத்தவரைப் பிடிப்பதெல்லாம் சொல்லிவைத்து வருவதல்ல. பழகிப் பழகித்தான் வரும். யூ.எஃப்.எல். அணிக்குச் சில வார முகாம்தான். முதல் சில வாரம் அவர்களின் லைன் தடுமாறக்கூடும்.

இந்தக் கற்பனை ஆட்டத்தை எந்த விதிப்படி ஆடுவது என்பதும் கணக்கில் வர வேண்டும். கல்லூரி விதிப்படி, முன்னோக்கிப் பந்தெறியும்போது லைன்மேன் மூன்று கெஜம் வரை முன்னே போகலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு கெஜம்தான். ஓடுவதா எறிவதா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் கல்லூரி ஆட்டமுறைகள் அந்த இரண்டு கெஜத்தை நம்பியே நிற்கின்றன.

பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1934 முதல் 1976 வரை சிகாகோவில், கல்லூரி முடித்த நட்சத்திரங்களின் அணி என்.எஃப்.எல். சாம்பியனோடு ஆடியது. 42 ஆட்டங்களில் தொழில்முறை அணிகளுக்கு 31, கல்லூரி அணிக்கு 9, டிரா 2. கடைசிக் கல்லூரி வெற்றி 1963இல், கிரீன் பே அணிக்கு எதிராக 20–17. இதை அப்படியே நம் கேள்விக்குப் பொருத்த முடியாது. எதிரணி சிறு லீக்கைவிடப் பல படி மேல். கல்லூரி அணியும் நாடெங்கும் பொறுக்கி எடுத்துச் சில வாரமே சேர்ந்து பழகியது.

எல்லாம் சேர்த்து, நடுநிலை மைதானத்தில் யூ.எஃப்.எல். சாம்பியனுக்கு ஒரு டச்டவுனும் அதன் கூடுதல் உதையும், அதாவது 7 புள்ளி, முன்னுரிமை கொடுப்பது நியாயம் என்பது நம் கணிப்பு. என்.எஃப்.எல்.லில் எதிர்பார்த்த வித்தியாசத்துக்கும் நடந்ததற்கும் இடையிலான திட்ட விலக்கம் (முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) சுமார் 14 புள்ளி. அதே அளவை இங்கும் கொண்டால், 7 புள்ளி என்பது 69% வெற்றி வாய்ப்பு. பத்து ஆட்டத்தில் மூன்றைக் கல்லூரி வெல்லும். ஆட்டத்துக்குச் சராசரி 10.2 புள்ளி மட்டுமே விட்டுக்கொடுத்த 2021 ஜார்ஜியா போன்ற அணி என்றால் இரு தட்டும் சமம் என்றே சொல்வோம்.

அந்த 7 நிலையான எண் அல்ல. 2025 முதல் கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, கல்லூரி ஒன்றுக்குச் சுமார் 2.05 கோடி டாலர். டிராஃப்டில் கடைசிச் சுற்றுகளில் போகக்கூடிய 22 வயது லைன்மேன் இப்போது இன்னொரு ஆண்டு கல்லூரியிலேயே தங்குவது லாபம். அவன் தங்கினால், அந்த 80% இடத்தில் நிற்கப்போவது 19 வயதுப் பையன் அல்ல.