ஓடும் பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு

எம்.எஸ்.எஸ்.டி. என்கிற மாவட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கிளினிக்கில் கூட்டம் கூடிவிடும். சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் அம்மாக்கள் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "மிஸ், முன்னங்கால் வலிக்குதுங்கிறா. எம்.எஸ்.எஸ்.டி. முடியிற வரைக்கும் ஓடுற மாதிரி பண்ணிவிடுங்க. அப்புறம் ரெஸ்ட் எடுத்துக்குவா."

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வலிக்கிற காலைத் தொடுவதற்கு முன்பே அந்தப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்பேன். நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டாய்? பெண்பிள்ளையாக இருந்தால், கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது? இரண்டாவது கேள்விக்குச் சில அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள், கால்வலிக்கு எதற்கு இந்த விசாரணை என்று. அந்த விசாரணையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்விக்கு வரும் பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தோட்டத்திலிருந்து பள்ளி வேன் ஆறு மணிக்கே கிளம்பிவிடும். அந்த நேரத்தில் இறங்குவது ஒரு கப் மைலோதான். ஓய்வு நேரத்தில் கையிலுள்ள இரண்டு ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மீ கோரெங், இல்லையென்றால் கெரோபோக். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனால் திரும்பி வர வண்டி கிடையாது, அதனால் பிள்ளை பள்ளியிலேயே இருந்துவிடும். மூன்றரை மணி வெயிலில் பயிற்சி, நடுவில் ஐஸ் சிராப். வீடு சேர இரவு ஏழாகிவிடும். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகச் சோறு.

இந்தப் பிள்ளைகள் உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடப்பவர்கள் அல்ல. பெற்றோரும் சாப்பாடு போடாதவர்கள் அல்ல, இரவில் தட்டு நிறையப் போடுகிறார்கள். உடம்பு மிக அதிகமாகச் செலவழிக்கும் நேரத்தில் வயிறு காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். வேன் நேரமும் வேலை நேரமும் சேர்ந்து செய்கிற காரியம் இது. அப்பா தோட்டத்தில், அம்மா பேக்டரியில் ஷிப்ட் என்றால் மத்தியானச் சாப்பாட்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

இப்படி வரவுக்கு மேல் செலவு நடக்கும் உடம்பின் நிலையை விளையாட்டு மருத்துவத்தில் ரெட்-எஸ் என்கிறோம். விளையாட்டால் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று புரிந்துகொள்ளுங்கள். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014-இல் இந்தப் பெயரில் அறிக்கை வெளியிட்டது, 2023-இல் அதைப் புதுப்பித்தது. அதற்கு முன்பு இதைப் பெண் வீராங்கனைகளின் பிரச்சினை என்று மட்டும் நினைத்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் வருகிறது என்பதை 2014 அறிக்கை அழுத்திச் சொன்னது.

சம்பளம் பற்றாத மாதத்தில் வாடகையையும் கரண்ட் பில்லையும் கட்டிவிட்டு, ஒழுகுகிற கூரையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்போம் இல்லையா? உடம்பும் அதைத்தான் செய்கிறது. இதயம், மூளை, அன்றைய ஓட்டம் எல்லாவற்றுக்கும் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, வளர்ச்சி, நோய் எதிர்ப்பு, மாதவிடாய், எலும்பைப் புதுப்பிக்கும் வேலை ஆகியவற்றைத் தள்ளிப்போடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும். எலும்பைக் காக்கிற ஹார்மோனும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். ஆண்பிள்ளைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும். அவர்களுக்கு வெளியில் தெரிகிற மாதக் கணக்கு இல்லாததால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் நேரம் குறையவில்லை, அடிக்கடி காய்ச்சல் சளி, எதற்கெடுத்தாலும் எரிச்சல், காலையில் எழவே முடியாத அசதி என்று இருந்தால் யோசிக்க வேண்டும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதனால் எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இயல்பு. நல்ல சாப்பாடும் தூக்கமும் இருந்தால் உடம்பு அதைச் சரிசெய்து, முன்பைவிட உறுதியாகக் கட்டிவிடும். அந்த வேலை நின்றுபோனால் சேதத்தின் மேல் சேதம் சேர்ந்து எலும்பு விரிசல் விடுகிறது. இதுதான் ஸ்ட்ரெஸ் பிராக்சர். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு வலிமையில் பெரும்பகுதி பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடும் என்பதால், பதினான்கு வயதில் விட்டதை முப்பதில் முழுசாகப் பிடிக்க முடியாது.

உலகத் தரத்தில் ஓடியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013-இல், பதினேழு வயதில், மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். அடுத்த ஒலிம்பிக்கில் அவரைப் பார்க்கலாம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். 2019-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கினார்கள், மூன்று வருடம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன. பணத்துக்கும் வசதிக்கும் குறைவில்லாத இடத்தில் நடந்தது இது.

அதற்கு நேர்மாறான வாழ்க்கைகளையும் பாருங்கள். உசேன் போல்ட் 2002-இல், பதினைந்து வயதில், உலக ஜூனியர் சாம்பியன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். முதல் ஒலிம்பிக் தங்கம் 2008-இல்தான். எலியுட் கிப்சோகே 2003-இல் 5000 மீட்டர் உலகச் சாம்பியன். பத்தொன்பது வருடம் கழித்து, 2022-இல் பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் ஓடி உலகச் சாதனை செய்தார். அலிசன் ஃபீலிக்ஸ் தன் பதினோராவது ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கியபோது முப்பத்தைந்து வயது, ஒரு குழந்தைக்குத் தாய்.

நம் மலேசிய ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்களேன். எம். ஜெகதீசன் மூன்று ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 100, 200, 4×100 மீட்டர் என்று மூன்று தங்கம் வாங்கினார். 1968 மெக்சிகோவில் அவர் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடியது 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. ஓட்டத்துக்காக மருத்துவப் படிப்பை விட்டுவிடவில்லை, டாக்டராகவும் ஆனார். அதே பேங்காக்கில் 400 மீட்டர் தங்கம் வாங்கியவர் எம். ராஜாமணி. நம் பேராக்கின் தாப்பாவில் பிறந்தவர். பி. ராஜ்குமார் 1985-இல் ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரை 1:47.37-இல் ஓடித் தங்கம் வென்றார். ஜி. சாந்தி 1993-இல் 100 மீட்டரில் ஓடிய 11.50 வினாடி, தேசியச் சாதனையாக 2017 வரை நின்றது. ஜி. சரவணன் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கியபோது இருபதுகளின் பிற்பகுதியில் இருந்தார்.

பள்ளிச் சுவர்களில் இவர்களுடைய படத்தை மாட்டுகிறோம். அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் எத்தனை வருடப் பயிற்சி இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பதிமூன்று வயதில் மாவட்டத்தில் முதலாவது வந்த பிள்ளையை அதே வருடம் மாநிலத்துக்கும் தேசியத்துக்கும் தள்ளப் பார்க்கிறோம். ஓட்டக்காரரின் உடம்பு நன்றாக வேலை செய்கிற வயது பெரும்பாலும் இருபதுக்கு மேல்தான். அதுவரை அந்தப் பிள்ளையை முழுசாக வைத்திருப்பது நம் பொறுப்பு.

சரி, கால்வலிக்கு வருவோம். முன்னங்கால் எலும்பின், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் எலும்பின், உள்பக்க ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்து, உடம்பு சூடேறியதும் குறைந்தால், அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ். பயிற்சியைக் குறைத்து, காலணியைப் பார்த்து, கெண்டைக்கால் தசையை வலுப்படுத்தினால் சரிசெய்துவிடலாம். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் வலித்தாலோ, ஓட ஓடக் கூடினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் சுளீரென்றாலோ, எலும்பு விரிசலாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடுகிற பிள்ளை இடுப்போடு தொடை சேரும் இடத்தில், கவட்டைப் பக்கம் ஆழமாக வலிக்கிறது என்றால் ஒருநாளும் காத்திருக்காதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருந்து அது முழுசாக முறிந்தால் அறுவை சிகிச்சைவரை போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பார்கள். ஸ்ட்ரெஸ் பிராக்சர் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலிருப்பது சகஜம். எம்.ஆர்.ஐ.யில் முன்கூட்டியே தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மறுநாள் ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஓட்டக் காலணியை மாட்டி இறக்கிவிடாதீர்கள்.

கோயோக் என்கிற வலிப் பிளாஸ்திரி ஒட்டுவது, சூடான எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, போட்டிக்கு முன்னால் ஒரு பொன்ஸ்தான் வலி மாத்திரை போடுவது எல்லாம் நம் ஊர்ப் பழக்கம். தசைப்பிடிப்புக்கு உருவிவிட்டால் இதமாக இருக்கும், அதில் தப்பில்லை. எலும்பு வலிக்கிற இடத்தை அழுத்தி உருவாதீர்கள். மாத்திரை வலியை மறைக்கும், விரிசல் அங்கேயே இருக்கும், பிள்ளை அதன்மேல் ஓடும்.

மாதவிடாய் விஷயத்தில் அம்மாக்களிடம் நேராகவே சொல்கிறேன். "போட்டி நேரத்துல வராததே நல்லதுதான் மிஸ்" என்கிற பேச்சை விட்டுவிடுங்கள். பதினைந்து வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலும், வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் சேர்ந்தாற்போல் நின்றுபோனாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம், அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஹார்மோன் மாத்திரை கொடுத்து வரவழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். மாத்திரையால் இரத்தப்போக்கு வரும். ஆற்றல் பற்றாக்குறை தீராதவரை எலும்பு தேறாது.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு ஆகாது. அதிகாலையில் கட்டிக் கொடுக்கும் சாப்பாடு மத்தியானம்வரை கெடாமல் இருக்க வேண்டும், அதுதான் சிரமம். சந்தான், அதாவது தேங்காய்ப்பால், சேர்த்தது இந்த வெயிலுக்குத் தாங்காது. ரொட்டியில் கச்சான் (நிலக்கடலை) வெண்ணெய் தடவிக் கொடுங்கள், இரண்டு வாழைப்பழம் வையுங்கள். பெட்டியில் வரும் யு.எச்.டி. பால் பிரிக்கும்வரை குளிர்பெட்டி இல்லாமலே இருக்கும். பள்ளி முடிந்ததும் கேன்டீனில் சோறும் முட்டையும் கிடைக்குமென்றால் அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். புது ஸ்பைக்ஸுக்கு முன்னால் அந்தக் காசு முக்கியம். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஏதாவது உள்ளே போக வேண்டும். ஒரு பாக்கெட் மைலோவும் ஒரு பன்னும்கூடப் போதும்.

இந்த வயதில் நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு குவளை பாலில் ஏறக்குறைய 300 கிடைக்கும். மிச்சத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, டின் சார்டின், கேழ்வரகு, முருங்கைக்கீரை இருக்கின்றன. இரும்புச்சத்துக்குக் கோழி ஈரல், மீன், கீரை, பருப்பு கொடுக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்துத் தே தாரிக் குடிக்க விடாதீர்கள், தேநீர் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

ஆன்லைனில் விற்கும் "ஸ்லிம்மிங்" காப்பியை வாங்கிக் குடிக்கும் பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்ட பொருள்களில் பசியை அடக்கும் சிபுட்ரமின் மருந்து கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது இதயத்துக்கு ஆபத்து, போட்டியின்போது ஊக்கமருந்துப் பட்டியலில் தடைசெய்யப்பட்டதும்கூட. தெரியாமல் குடித்தேன் என்பதற்காகத் தவறில்லை என்று விட்டுவிட மாட்டார்கள்.

பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். சம்பளமில்லாமல், சொந்தக் காசில் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு திடலுக்கு வருகிறவர்கள் நீங்கள், உங்களை மதிக்கிறேன். பிள்ளைகள் முன்னிலையில் எடை பார்ப்பதையும், "வெயிட் போட்டுட்டே, அதான் ஸ்லோ" என்று சொல்வதையும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். வயதுக்கு வரும் காலத்தில் எடை கூடுவதும் நேரம் கொஞ்சம் பின்தங்குவதும் இயல்பு. நீங்கள் வேடிக்கையாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அந்தப் பிள்ளை இரவுச் சோற்றையும் பாதியாக்கிவிடும்.

சந்தேகம் வந்தால் முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், நம் குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட்தான். பிள்ளை வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறாள், எந்த இடத்தில் வலி, மாதவிடாய் எப்போது நின்றது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் வைட்டமின் டி-யும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எலும்பு விரிசல் சந்தேகம் என்றால் ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். பெரும்பாலான விரிசல்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டமில்லாத ஓய்வு போதும். அந்த நாட்களில் சைக்கிள் மிதிக்கலாம், நீச்சல் குளத்தில் பயிற்சி செய்யலாம். வலியில்லாமல் நடந்த பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று தொடங்குவோம். போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டதே, சாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்கள் என்னிடம் வாங்க. பள்ளிக்கும் பயிற்றுநருக்கும் நானே கடிதம் எழுதித் தருகிறேன், அதற்குக் காசு கிடையாது.