தேயிலைப் பூத் தோடும் நுவரெலியாக் குளிரும்

தேயிலைப் பூவை ரெசினுக்குள், அதாவது ஊற்றி இறுகவைக்கும் கண்ணாடி போன்ற பிசினுக்குள், பதித்துத் தோடு செய்யலாம். கொழும்பில் கற்றுக்கொண்ட அந்த வேலையை நுவரெலியாவில் அப்படியே செய்தால் தோடு பிசுபிசுக்கும். ரெசின் மட்டமென்று கடைக்காரரைத் திட்டுமுன் வெப்பமானியைப் பாருங்கள். 1868 மீட்டர் உயரத்திலுள்ள ஊர், சராசரி வெப்பம் 16 பாகை. எப்பொக்சி ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் திரவமும் பிணைந்து இறுகுவது ஒரு இரசாயனத் தாக்கம். வெப்பம் 10 பாகை குறைந்தால் அதன் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். 26 பாகையில் ஒரு நாளில் இறுகுவது இங்கே இரண்டு நாள் கிடக்கும்.

முதலில் பூ. தேயிலைக் கொழுந்தை ரோலரில் நசுக்கியதும் செம்பு நிறமாக்கும் நொதியம் வெள்ளை இதழிலும் உண்டு. விரல் அழுந்திய இடம் பழுப்பாவது அதனால்தான். நொதியம் வேலை செய்ய ஈரம் வேண்டும், ஆகவே சீக்கிரம் உலர்த்த வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும், மணல் போன்ற பொடி சிலிக்கா ஜெல்லுக்குள் 3 முதல் 5 நாள் புதைத்து வையுங்கள். மணியாக இருக்கும் ஜெல் இதழில் பள்ளம் போடும். அரைகுறையாகக் காய்ந்த பூ ரெசினுக்குள் போன பிறகும் பழுப்பாகும்.

குளிர்ந்த ரெசின் தேன் மாதிரி. குமிழி மேலே வராது. மூடிய போத்தல்களைக் கைபொறுக்கும் சுடுதண்ணீரில் 10 நிமிடம் வைத்து, வெளி ஈரத்தைத் துடைத்துவிட்டுத் திறக்கவும். அளவைத் தராசில் பாருங்கள். ஆனால் லேபிளில் உள்ள 2:1 நிறையா, கனஅளவா என்று கவனியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. நிறையென்றால் 15 கிராம் கலவைக்கு ஹார்ட்னர் 5 கிராம்தான். 1 கிராம் கூடினாலே 20 வீதப் பிழை. கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, சோடி கிடைக்காத மூலக்கூறுகள் மிஞ்சிப் பிசுபிசுப்பாகும். 3 நிமிடம் மெதுவாகக் கிண்டி, வேறு கப்புக்கு மாற்றி மறுபடி கிண்டுங்கள். முதல் கப்பின் சுவரில் கலவாத ரெசின் ஒட்டியிருக்கும். நைட்ரைல் கையுறை கட்டாயம்.

தேயிலைப் பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தக் கேசரங்கள் தூரிகைபோல் நெருங்கி நிற்கும். காற்று ஒளிந்திருப்பது அங்கேதான். குச்சியால் ஒரு சொட்டு ரெசினை அதற்குள் விட்டு, குமிழி வெளியேறியதும் அச்சில் வையுங்கள். அச்சைப் பாதி நிரப்பி, அது கூழாகத் தடித்தபின் பூவை வைத்து மீதியை ஊற்றினால் பூ மிதக்காது.

இனி மேற்பரப்பு. ஹார்ட்னரிலுள்ள அமீன் என்ற சேர்மம், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து வெள்ளை மெழுகுப் படலமாகும். குளிரில் இறுகத் தாமதமாவதால் அதற்கு நேரமும் தாராளம். குளிருக்குப் பயந்து அடுப்படியில் கொண்டுபோய் வைப்பார்கள். அது இன்னும் மோசம், விறகும் காஸும் எரிந்தால் அந்த இரண்டுமே வெளிவரும். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் அச்சை வைத்து, சுடுதண்ணீர் நிரப்பி இறுக மூடிய போத்தல் இரண்டை ஓரத்தில் நிறுத்துங்கள். முதல் 6 மணி நேரம் ஆற ஆற மாற்றி, உள்ளே 25 பாகைக்குக் குறையாமல் பார்த்தால் போதும். கரண்ட் போனாலும் கவலையில்லை.

படலம் வந்துவிட்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் கொஞ்சம் சவர்க்காரத்திலும் கரைந்து போகும். கழுவிக் காய்ந்தபின்தான் சேண்ட் பேப்பர். முந்திக்கொண்டு தேய்த்தால் மெழுகு தாளில் அப்பி, தோட்டின் கீறல்களுக்குள்ளும் இறங்கிவிடும்.