கத்தோலிக்கக் கோயில் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்யலாமா?

"மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கியாச்சு, இனி வேறு வரன் பார்க்கலாம்" என்று நம்பும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. (தீர்ப்பாயம் என்பது ஆயரின் கீழ் இயங்கும் திருச்சபை நீதிமன்றம்.) தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நீதிமன்றத் தீர்ப்பும் கைக்கு வரும்வரை, சட்டத்தின் கண்ணில் முதல் கல்யாணம் அப்படியேதான் இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், பங்குத்தந்தையும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிலையில் இருந்தால்தான் கல்யாணம் செல்லும் என்று விதித்தது. செல்லுமா செல்லாதா என்று விசாரித்ததும் திருச்சபைதான். இங்கிலாந்தில்கூட 1857ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே மணவழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களை விட்டு அரசு நீதிமன்றத்துக்குப் போயின. அதை ஒட்டி 1869இல் ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்த விவாகரத்துச் சட்டம்தான் இன்றைக்கும் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், கல்யாணத்தை நடத்திவைக்கும் அதிகாரத்தைக் குருக்களிடமே விட்டுவைத்தது. பங்குப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து சட்டப்படி செல்லும்போது, அதே கோயில் தரும் ரத்துத் தீர்ப்பும் செல்லும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

செல்லாது. உச்ச நீதிமன்றம் 1996இல் இதைத் தெளிவாகச் சொன்னது. 2017இல் மறுபடியும் உறுதிசெய்தது. தீர்ப்பாயத்தின் முடிவைத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவைப்பார்கள். அதன் மதிப்பு திருச்சபைக்குள் மட்டும்தான்.

இரண்டு இடத்திலும் பார்க்கும் காரணங்களும் வேறு. குழந்தையே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவுசெய்துகொண்டு ஒருவர் மணமேடை ஏறியிருந்தால், தீர்ப்பாயம் அதை விசாரிக்கும். அரசுச் சட்டத்தின் ரத்துக் காரணங்களில் அது இல்லை. அப்போது விவாகரத்து வழக்குத்தான் வழி. 2001க்கு முன்பு அது பெண்களுக்குக் கொடுமையான வழியாக இருந்தது: மனைவிக்கு வேறு ஆணுடன் தகாத உறவு என்று காட்டினால் கணவனுக்குப் போதும், மனைவியோ, கணவனின் தகாத உறவோடு கொடுமைப்படுத்தியதையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அந்த ஆண்டுத் திருத்தம் இருவரையும் சமமாக்கியது, பரஸ்பர சம்மத விவாகரத்தையும் கொண்டுவந்தது.

சரி, நீதிமன்ற விவாகரத்து மட்டும் இருந்தால்? கத்தோலிக்கக் கோயிலில் மறுமணம் நடக்காது. தீர்ப்பாயத்துக்கும் போக வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்தால் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 82ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வந்து, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த பிறகே கல்யாணத் தேதி குறியுங்கள்.