அப்பத்தாவுக்கு வந்தது வெறும் மயக்கமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் எல்லாம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் அப்பத்தா மட்டும் தனியாக இருப்பது சகஜம். வளவில் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று சாய்வார், கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, பித்தம்" என்பார். நாமும் சரி, வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். தயவுசெய்து விடாதீர்கள். கண் இருட்டுவது, வியர்ப்பது என்று எந்த அறிகுறியும் இல்லாமல் விழுந்து, சில நொடிகளில் பழையபடி தெளிந்துவிட்டால், அந்த நேரத்தில் இதயமே துடிக்காமல் நின்றிருக்கலாம்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அது தானாகவே மின்துடிப்பை எழுப்பும். அந்தத் துடிப்பு மேலறைகளைச் சுருக்கிவிட்டு, கீழறைகளில் ரத்தம் நிரம்பட்டும் என்பதுபோல மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஏவி கணுவில் துளி நேரம் தாமதித்து, அப்புறம்தான் கீழே இறங்கும். வயதாக ஆக இந்தப் பாதை தழும்பேறி நைந்துபோகலாம். முழுவதும் அறுந்தால் கீழறைகள் தம் போக்கில் நிமிடத்துக்கு 30, 40 தடவைதான் துடிக்கும். மூளைக்கு அது போதாது. இது ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, ஸ்டென்ட் வைத்துச் சரியாக்க முடியாது.

இங்கேதான் பேஸ்மேக்கர் வருகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, காறையெலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்ன டைட்டானியம் பெட்டியை வைக்கிறார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி சிரை வழியாக இதயத்துக்குள் போகிறது. பலர் நினைப்பதுபோல அது இதயத்தை ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு துடிப்பையும் கவனிக்கும், குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் மட்டும் மெல்லிய மின்துடிப்பு ஒன்றைத் தரும். பெரும்பாலோருக்கு அது தெரிவதுகூட இல்லை.

1958-இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் முதன்முதலில் உடலுக்குள் இதைப் பொருத்தினார்கள். அந்தக் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. ஆனாலும் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இன்றைய பேட்டரி ஏறக்குறைய பத்து வருஷம் உழைக்கும்.

செல்போனைச் சட்டைப்பையில் வைக்காமல் பெட்டியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்தால் போதும், சமையல், நடை, கோயில் எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

ஒன்று மட்டும். விழுந்து எழுந்த பிறகு எடுக்கும் ஈசிஜி சரியாகவே இருக்கலாம், அதற்குள் துடிப்பு சீராகியிருக்கும். "நார்மல்" என்று அனுப்பினால், ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் போட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.