எல்ம் ஆலமரம் இல்லை: கல்லில் வேர் ஓட வேண்டுமென்றால் முதலில் மண்ணில் புதையுங்கள்

கல்லின் மேல் வேர் ஓடும் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) செய்யப் போய், வேர் காய்ந்து என்னிடம் வந்ததில் இந்த வருஷம் இது நாலாவது மரம். போன வாரம் வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா ஆட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு வயது சீன எல்ம், ஒரு அழகான கல்லின் தலையில் உட்கார வைத்து, செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டி, சோப்பு டப்பா உயரமே உள்ள தட்டில் நட்டிருந்தது. வேர் எல்லாம் முதல் நாளிலிருந்தே வெளியே, காற்றில். ஆறு மாதமாகக் காலையும் மாலையும் விடாமல் தண்ணீர் ஸ்ப்ரே அடித்திருக்கிறார். கம்பியை அவிழ்த்தேன், வேர்கள் காய்ந்த நார் மாதிரி கையோடு வந்தன.

"ஆலமரம் சுவத்தையே பிடிச்சுக்குதே சார், இது ஏன் கல்லைப் பிடிக்கல?" என்று கேட்டார்.

எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் நீளமாகவே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஆலும் அரசும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், கோபுரத்துச் சுதை இடுக்கில், எங்கே ஒரு பிடி தூசு இருந்தாலும் முளைத்து வேர் ஓட்டும். ஆல் காற்றிலேயே விழுது விடும். அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயலில் சாய்ந்தும், விழுதுகளின் பலத்தில் மரம் இன்றைக்கும் நிற்கிறது. இதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வேர் என்றால் வெளியே இருந்தாலும் பிழைக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் எல்ம் வேறு ஜாதி. சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்து மரம்; நம் ஊர் ஆயா மரம் இதற்குத் தூரத்து உறவு. அந்த ஆயா மரம் விழுது விட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? எல்முக்கும் விழுது கிடையாது. அதன் இளம் வேர் வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்துவிடும், எத்தனை ஸ்ப்ரே அடித்தாலும் சரி. போன்சாய் படங்களில் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கும் வேர்கள் கல்லின் மேல் காற்றில் தடித்தவை அல்ல. வருஷக்கணக்காக மண்ணுக்குள் புதைந்து கிடந்து, விரல் தடிமன் வந்து, பட்டையும் கட்டிய பிறகு வெளியே வந்தவை. ஜப்பானியர் இதைச் செகிஜோஜு என்கிறார்கள். கல்லின் குழியிலேயே மண் வைத்து மரம் வளர்ப்பது இஷிஸுகி, அது வேறு. இரண்டு படத்தையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

அந்த அம்மாவின் மரத்திலேயே சாட்சி இருந்தது. ஒரே ஒரு வேர் கல்லின் பின்பக்கமாக இறங்கித் தட்டு மண்ணுக்குள் போயிருந்தது. அது மட்டும் உயிரோடு, மற்றதைவிட இரண்டு மடங்கு தடிமனாக இருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் கல். வழவழப்பான கூழாங்கல் வேண்டாம், வேர் உட்கார மேலிருந்து கீழே ஓடும் பள்ளங்கள் வேண்டும். கோவளம் கடற்கரையில் பொறுக்கிய கல்லென்றால் உப்பு போக நாள் கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வையுங்கள்; சிமென்ட் கட்டி, சுண்ணாம்பு ஒட்டிய இடிபாட்டுக் கல் எதுவும் கூடாது. பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் உறுதியானது, ஆனால் குவாரியில் புதிதாக உடைத்த முகம் சமமாக இருக்கும். பழைய, வெயில் மழையில் அடிபட்ட துண்டாகப் பாருங்கள்.

செடிக்கு நீள வேர் வேண்டும். அதனால் ஒரு வருஷம் முன்பே உயரமான, ஒடுக்கமான தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மண்ணைக் கழுவி, வேரைச் சிக்கெடுத்து, களிமண்ணும் மக்கிய இலையும் குழைத்துப் பள்ளங்களில் தடவி, அதன்மேல் வேரை இறக்குங்கள். அடிமரம் கல்லின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு திருத்தவே முடியாது. ஒட்டுக் கட்டும் பிளாஸ்டிக் டேப்பால் சுற்றுங்கள், கம்பி வேண்டாம், வேரை வெட்டும். அதன்மேல் அலுமினியம் ஃபாயில், அடிப்பக்கம் மட்டும் திறந்து. அப்புறம் காலி பெயின்ட் பக்கெட்டில் கல் மொத்தமும் மூழ்கப் புதைத்துவிடுங்கள். வெறும் செம்மண்ணைக் கொட்டாதீர்கள், தயவுசெய்து. சலித்த செங்கல் சல்லி, பருமணல், கொஞ்சம் மண்புழு உரம், அது போதும்.

புதைத்தபின் கிளையையும் வெட்டாதீர்கள். சின்னத் தொட்டியில் வைத்து நறுக்கிக்கொண்டே இருந்தால் போன்சாய் ஆகிவிடும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, அப்படிச் செய்தால் பென்சில் தடிமனிலேயே நின்றுவிடும். நுனி நாலடி போகட்டும். அடிமரமும் வேரும் தடிக்க அந்த இலைகள்தான் சோறு போடுகின்றன. வெட்டுகிற நாள் பிறகு வரும்.

இனி ஒரு கெஞ்சல். திறந்து பார்க்காதீர்கள். பெரம்பூரிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பையன் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தான், எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் மாதா மாதம் மண்ணை விலக்கி ஃபாயிலைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் புது வேர் முடிகள் அறுந்து, எட்டாவது மாதம் மரம் போய்விட்டது. ஆசைதான், புரிகிறது. குறைந்தது இரண்டு வருஷம், மூன்றானால் இன்னும் நல்லது. அப்போதும் ஒரேயடியாகக் கொட்டாமல் மேலிருந்து இரண்டு விரற்கடை மண்ணை எடுத்து, சில மாதம் விட்டு, அடுத்த இரண்டு.

வெளியே வந்த பிறகும் சென்னையில் ஒரு ஆபத்து இருக்கிறது. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் அந்தக் கல் தோசைக்கல் ஆகிவிடும், அதில் ஒட்டியிருக்கும் வேர் வெந்துபோகும். பிற்பகல் நிழல் வலைக்குள் கொண்டுபோங்கள், கல்லையும் நனையுங்கள். அதற்காக ஏசி அறைக்குள் டிவி பக்கத்தில் வைக்காதீர்கள். இது வெளிமரம், காலை வெயில் கட்டாயம்.

வேளச்சேரி மரத்தை இப்போதைக்குக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன். வேர் வேலைக்கு இது காலமில்லை, ஆனால் ஜனவரி வரை அது தாங்காது. காய்ந்த வேர்களை வெட்டிவிட்டு, உயிருள்ள அந்த ஒரு வேரைக் கல்லோடு பக்கெட்டில் புதைத்து, நிழலில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். பக்கெட் அடியில் இன்னும் நாலு துளை போடச் சொல்லியிருக்கிறேன், ஐப்பசி மழை வருகிறது.